அழிப்பான் இல்லாத பேரேடு

கிளைகளில் கைப்பேரேடுகள் புழக்கத்தில் இருந்த காலத்தை அறிந்த வாசகர்களுக்கு ஒரு விதி நினைவிருக்கும். ஒரு தொகை தவறாக எழுதப்பட்டுவிட்டால் அதைச் சுரண்டி அழிக்கக் கூடாது. அதன்மேல் வேறோர் எண்ணை எழுதவும் கூடாது. தவறான எண் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு கோடு இழுத்து, சரியான எண்ணை அருகில் எழுதி, எழுதியவரும் சரிபார்த்தவரும் சுருக்கொப்பம் இட வேண்டும். நாள் கணக்கு முடிந்த பிறகு தெரியவந்த பிழையை எதிர்ப்பதிவின் மூலமே நேர்செய்ய வேண்டும். பேரேட்டில் நடந்தது எதுவும் நடக்காததாக ஆகிவிடக் கூடாது என்பதே அதன் உட்பொருள்.

இன்று அந்தப் பேரேடு தரவுத்தளமாகிவிட்டது. நம் வைப்புத் தொகையும் கடன் நிலுவையும் அதில் வரிசைகளாக அமர்ந்திருக்கின்றன. அவற்றை எழுதும் கை ஒரு மென்பொருள். அந்தக் கையோ அடிக்கடி மாறுகிறது: வட்டி கணக்கிடும் முறை திருத்தப்படுகிறது, புதிய வசதி சேர்கிறது, பாதுகாப்பு ஓட்டை அடைக்கப்படுகிறது. நம் பணத்தை எழுதும் கையை மாற்றுகிறவர்கள் எந்த விதிக்குக் கட்டுப்பட்டு மாற்றுகிறார்கள் என்று கேட்கும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு என்பது என் கருத்து.

நிரலாளர்களிடம் அந்த விதி இருக்கிறது. பதிப்புக் கட்டுப்பாடு என்பது அதன் பெயர். நிரலில் ஒரு வரியை மாற்றினாலும், மாற்றியவர் யார், எப்போது, எதற்காக என்ற குறிப்போடு அது பதிவாகும். பழைய வரியும் அழியாமல் அங்கேயே இருக்கும். லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதிய ‘கிட்’ என்னும் கருவி இன்று உலகெங்கும் இப்பணியைச் செய்கிறது. ஒருவர் எழுதிய மாற்றத்தை மற்றொருவர் படித்து ஒப்புக்கொண்ட பின்னரே அது சேர்க்கப்படும். எழுதுபவர் ஒருவர், சரிபார்ப்பவர் வேறொருவர் என்ற நம் வங்கி வழக்கத்தைக் கணினித் துறை தன் மொழியில் எழுதிக்கொண்டது என்றே சொல்லலாம்.

இது நன்றாக நடக்கும் இடத்தைக் காண விரும்பினால் புனே நகரைப் பார்க்கலாம். தேசிய வங்கி மேலாண்மை நிறுவனமும் மகாராஷ்டிரா வங்கியின் தலைமையகமும் இருக்கும் அந்நகரம், தரவுத்தள மென்பொருள் உருவாகும் ஊர்களிலும் ஒன்று. போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்திற்கு உலகளவில் பெரும் பங்களித்துவரும் எண்டர்பிரைஸ்டிபி நிறுவனத்தின் பொறியாளர்கள் பலர் அங்கிருந்துதான் பணிபுரிகின்றனர். போஸ்ட்கிரெஸ் எவருக்கும் சொந்தமன்று. அதன் நிரலை யாரும் படிக்கலாம். 1996 ஜூலை முதல் அதில் நடந்த ஒவ்வொரு மாற்றமும் இன்றும் பார்வைக்குக் கிடைக்கிறது. புனேயில் இருப்பவர் ஒரு திருத்தம் எழுதினால், வேறொரு கண்டத்தில் இருப்பவர் அதைப் படித்துக் குறை சொல்லலாம். திருத்தத்தை இறுதியாகச் சேர்க்கும் அதிகாரம் மிகச் சிலருக்கே உண்டு. சேர்த்த பின்னும் பல நாடுகளில் தன்னார்வலர்கள் நிறுவியுள்ள கணினிகள் அதைத் திரும்பத் திரும்ப இயக்கிச் சோதிக்கின்றன.

இத்தனை காவல் இருந்தும் பிழை நுழைவதுண்டு. 2024 நவம்பர் 14 அன்று வெளிவந்த 17.1 பதிப்பில், முன்பு ஒழுங்காக நடந்துகொண்டிருந்த சில செயல்கள் கெட்டுப்போயின. ஒரே வாரத்தில், நவம்பர் 21 அன்று, வழக்கமான கால அட்டவணைக்கு வெளியே 17.2 வந்தது. என்ன கெட்டது, ஏன் கெட்டது என்பதை வெளியீட்டுக் குறிப்பிலேயே எழுதியிருந்தார்கள். பிழையே செய்யாதவர்களைவிட இப்படி எழுதுகிறவர்களை நம்புவது எனக்கு எளிது. (பிழையே செய்யாதவர்களை இதுவரை சந்தித்ததும் இல்லை.)

ஆனால், நிரலைப் பழைய பதிப்புக்குத் திருப்புவதைப் போல வங்கித் தரவுத்தளத்தைத் திருப்பிவிட முடியாது. இதை வாடிக்கையாளர் புரிந்துகொள்வது நல்லது. காலை 6 மணிக்குப் புதிய பதிப்பு நிறுவப்படுகிறது, 9 மணிக்குப் பிழை தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். இடைப்பட்ட மூன்று மணி நேரத்தில் ஒருவர் மருத்துவமனைக்குப் பணம் செலுத்தியிருப்பார்; இன்னொருவருக்குச் சம்பளம் வந்திருக்கும். தரவுத்தளத்தை 6 மணி நிலைக்குக் கொண்டுபோனால் அவர்களுடைய வரவுசெலவு காணாமற்போகும். எனவே தரவுத்தளத்தில் ஒவ்வொரு மாற்றத்திற்கும் திரும்பும் வழியை முன்கூட்டியே எழுதி, ஒத்திகை பார்த்து வைத்திருக்க வேண்டும். பழைய நிரலும் புதிய நிரலும் ஒரே அட்டவணையைச் சில நாள் பகிர்ந்துகொள்ளும்படி சிறு சிறு படிகளாக மாற்ற வேண்டும். இது பொறுமையைக் கேட்கும் வேலை.

பொறுமை இழந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி ஒரு சான்று. 2018 ஏப்ரலில் ஒரே வாரக்கடைசியில் ஏறத்தாழ 50 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் புதிய கணினி அமைப்புக்கு மாற்றினார்கள். தரவுகள் பத்திரமாகவே போய்ச் சேர்ந்தன. புதிய அமைப்புதான் சுமையைத் தாங்காமல் தடுமாறியது. 19 லட்சம் பேர் வரை தம் கணக்கை அணுக முடியாமல் தவித்தனர். வங்கி வழக்க நிலைக்குத் திரும்ப டிசம்பர் ஆயிற்று. 2022 டிசம்பரில் ஒழுங்காற்று அமைப்புகள் விதித்த அபராதம் 4 கோடியே 86½ லட்சம் பவுண்டு.

அமெரிக்காவின் நைட் கேப்பிடல் கதை இன்னும் சுருக்கமானது, இன்னும் கொடியது. 2012 ஆகஸ்ட் 1 அன்று அப்பங்கு வணிக நிறுவனத்தின் எட்டு சர்வர்களில் ஏழில் மட்டுமே புதிய நிரல் ஏற்றப்பட்டிருந்தது. எட்டாவதில் கைவிடப்பட்ட பழைய நிரல் உயிர்பெற்று, கண்மூடித்தனமாகப் பங்குகளை வாங்கி விற்றது. பதறிப்போனவர்கள் சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்து புதிய நிரலை நீக்கினார்கள்; நிலைமை மோசமாயிற்று. ஏறக்குறைய 45 நிமிடங்களில் 46 கோடி டாலர் நஷ்டம். நிரல் ஏற்றப்பட்டதை இரண்டாவதாக ஒருவர் சரிபார்க்கவில்லை; சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்து விதியும் அங்கு இல்லை என்று விசாரணை கூறியது. நம் பழைய பேரேட்டில் இரண்டாவது சுருக்கொப்பம் ஏன் கேட்டார்கள் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

நம் நாட்டில் ரிசர்வ் வங்கி 2023 நவம்பரில் வெளியிட்டு 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்ப ஆளுமை நெறிமுறைகள், கணினி மாற்றங்களுக்கு எழுத்துப்பூர்வமான கொள்கை வேண்டும் என்றும், தோல்வியடைந்த மாற்றத்திலிருந்து மீளும் வழி வேண்டும் என்றும் வங்கிகளைப் பணிக்கின்றன. அது வங்கிக்கும் ஒழுங்காற்று அமைப்புக்கும் இடையிலான ஏற்பாடு. வாடிக்கையாளருக்கு வந்து சேருவதோ, “திட்டமிட்ட பராமரிப்புப் பணி காரணமாக ஞாயிறு அதிகாலை சேவைகள் இயங்கா” என்ற ஒரு குறுஞ்செய்திதான். அந்தச் சில மணி நேரத்தைப் பொறுத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. அவசரத்தில் பகலில் மாற்றுவதைவிட நள்ளிரவில் நிதானமாக மாற்றுவது மேல். ஆனால் திங்கட்கிழமை காலையில், என்ன மாறியது என்று எவரும் சொல்வதில்லையே!

வங்கிகள் தம் வாடிக்கையாளருக்கு ஒரு மாற்றக் குறிப்பேட்டை எளிய தமிழில் வெளியிட வேண்டும் என்பது என் கோரிக்கை. இந்தத் தேதியில் இந்தச் சேவையில் இன்னது மாற்றப்பட்டது. இத்தனை மணி நேரம் தடைபட்டது. இந்தப் பிழை நேர்ந்தது, இப்படிச் சரிசெய்யப்பட்டது. மூன்று வரி போதும். திருடர்களுக்கு இது துப்புக் கொடுத்துவிடும் என்று சிலர் மறுப்பார்கள். இந்த அச்சத்தை நான் எளிதாகத் தள்ளவில்லை. 2018 ஆகஸ்டில் அதே புனேயில் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியின் கணினி அமைப்புக்குள் ஊடுருவியவர்கள் 90 கோடி ரூபாய்க்கு மேல் கொள்ளையடித்தார்கள். வங்கியின் மையக் கணினியைக் கேளாமலே ஒரு போலி இணைப்பு ஏடிஎம் கோரிக்கைகளுக்கு ஒப்புதல் அளித்ததால் அது சாத்தியமாயிற்று. ஆகவே எந்தச் சர்வரில் எந்தப் பதிப்பு ஓடுகிறது, எந்த ஓட்டை இன்னும் அடைபடவில்லை என்பவற்றை வெளியிடச் சொல்லவில்லை. அவை பூட்டியே இருக்கட்டும். வட்டிக் கணக்கீடு மாறியதையும், செயலியில் பணப்பரிமாற்றம் மூன்று மணி நேரம் நின்றதையும் சொல்வதால் எந்தத் திருடனுக்கும் சாவி கிடைத்துவிடாது. பணப்பரிமாற்றம் நின்றது வாடிக்கையாளருக்கு அன்றைக்கே தெரிந்த செய்திதான். காரணம் மட்டும் தெரியாது.

இவ்விதழின் கடைசிப் பக்கத்தில் கால் பக்கம் ஒதுக்கினாலே இதற்குப் போதும்.