மலையின் சொல்லுக்கும் ஒரு பாதை வேண்டும்

பதுளைக்குப் புகையிரதம் வந்தது 1924ஆம் ஆண்டில். மலையைக் குடைந்தும் பள்ளத்தாக்குகளைத் தாண்டியும் அந்த இருப்புப்பாதையை அமைத்தவர்கள் எதற்காக அமைத்தார்கள் என்பது இரகசியமன்று. ஊவாவின் தேயிலைப் பெட்டிகள் கொழும்புத் துறைமுகத்தைச் சென்றடைய வேண்டும்; தோட்டங்களுக்கு வேண்டிய அரிசியும் உரமும் மலையேறி வர வேண்டும். அப்பாதையால் தேயிலை உலகெங்கும் சென்றது. ஆனால், அத்தேயிலையைக் கொய்தவரின் சொல் எங்கே சென்றது? நூறாண்டு கடந்த பின்னரும் இவ்வினாவுக்கு நேரான விடை கூற எம்மால் முடியவில்லை.

இன்று நாம் இதனை எழுப்புவதற்குக் காரணமுண்டு. உயர்தரப் பரீட்சையில் சித்தியெய்திய தோட்டத்துப் பிள்ளை ஒன்று, “பல்கலைக்கழகத்தில் தொடர்பாடலும் ஊடகமும் கற்கப் போகிறேன்” என்று வீட்டிலே சொன்னால், பெற்றோர் முகம் வாடுகிறது. “பேப்பரில் எழுதுவதற்கும் ஒரு படிப்பா?” என்று கேட்பவர் லயத்தில் மட்டுமல்லர், பதுளை நகரிலே உத்தியோகம் பார்க்கும் எம்மவரிடையேயும் உளர். வைத்தியரும் பொறியியலாளரும் சட்டத்தரணியும் ஆசிரியரும் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், தன் செய்தியைத் தானே எழுதத் தெரியாத சமூகம், தன் வழக்கைப் பிறரிடம் ஒப்படைத்து விட்டு வாசலில் நிற்கும் கட்சிக்காரனைப் போன்றது. தீர்ப்பு வந்த பின்னரே அவனுக்குச் சங்கதி தெரியும்.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்த செய்தி, மக்கள் மண்ணுக்குள் போன பின்னரே நாட்டுக்குத் தெரிய வந்தது. எச்சரிக்கை கடிதமாகப் பிறந்தது, கோப்பிலே வளர்ந்தது, கோப்பிலேயே உறங்கியது. அந்த ஒன்பது ஆண்டுகளிலும், “அக்கடிதம் யாருக்குப் போனது? மாற்றுக் காணி எங்கே?” என்று வாரந்தோறும் கேட்டெழுத அப்பகுதியில் ஒரு நிருபர் இருந்திருந்தால், மலை நின்றிருக்கும் என்று நாம் கூறவில்லை. மக்கள் எழுந்து நகர்ந்திருப்பார்கள் என்றே கூறுகிறோம். அனர்த்தத்திற்குப் பின்னர் வந்த செய்திகளோ மாண்டவர் தொகையை நூற்றுக்கணக்கில் கூறின. பின்னர் அத்தொகை பெரிதும் குறைந்தது. லயங்களில் எத்தனை உயிர்கள் வாழ்ந்தன என்பதைக் கூட நாட்டினால் உடனே அறிய முடியவில்லை!

இப்பாடத்தை நாம் கற்றோமா? 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளி இலங்கையைத் தாக்கி அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. பெரும் இழப்பைக் கண்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. எச்சரிக்கைகள் உரிய வேளையில் தமிழில் வரவில்லை என்ற முறைப்பாடு அப்போதும் எழுந்தது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழியாயிற்று. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தில் ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் மலையகத் தமிழர் வாழ்ந்தனர். சட்டப் புத்தகத்தில் பேசும் மொழி, மழை பெய்யும் இரவிலே மௌனமாகி விடுமானால் அச்சட்டத்தால் யாருக்கு என்ன பயன்?

மரணத்தை விட்டு வாழ்வுக்கு வருவோம். 2024 மே மாதத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட் சம்பளம் 1,700 ரூபா என்ற செய்தி மலையெங்கும் பரவியது. கம்பனிகள் நீதிமன்றஞ் சென்றன. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா என வர்த்தமானி வந்தது. வர்த்தமானிக்கும் மேடைப் பேச்சுக்கும் உள்ள வேறுபாடு என்ன? அடிப்படைச் சம்பளம் எது, அதன் மேல் வரும் கொடுப்பனவு எது? இடைக்காலத் தடை என்றால் வழக்கு முடிந்து விட்டது என்று பொருளா? இவற்றைப் பெரட்டுக்களத்தில் நிற்கும் தாய்க்கு விளங்கும் தமிழில் எடுத்துரைத்தவர் எத்தனை பேர்? வெற்றி என்று பட்டாசு கொளுத்தியவரும், துரோகம் என்று தூற்றியவருமே எங்கும் நிறைந்திருந்தனர்.

கமக்காரரின் நிலையும் இதுவே. 2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டு, அவ்வாண்டு முடியுமுன்னரே அத்தடை தளர்த்தப்பட்டது. வெலிமடையிலும் பண்டாரவளையிலும் மரக்கறி பயிரிட்டோர் அம்மாதங்களில் பெற்றவை வதந்திகளே. கெப்பெட்டிபொல பொருளாதார நிலையத்தின் காலை விலையை முன்னரே அறிந்த கமக்காரனும், அறியாது மூட்டை ஏற்றிச் சென்ற கமக்காரனும் ஒரே இலாபத்துடன் வீடு திரும்புவதில்லை. செய்தி என்பது படித்தவரின் பொழுதுபோக்கன்று. அது விதை, உரம், நீர் ஆகியவற்றோடு எண்ணத்தக்க நான்காவது பொருள்.

இவ்வுண்மையை எமது முன்னோர் அறிந்திருந்தனர். தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் தோட்ட மக்களிடம் முதலிற் கொண்டு வந்தது தொழிற்சங்கத்தையன்று, பத்திரிகையையே. வெளியார் தோட்டத்துள் கால் வைக்க முடியாத காலத்தில், புடைவை வியாபாரியாக வேடம் பூண்டு உட்சென்று மக்களின் நிலையைக் கண்டறிந்தார். ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகிய இதழ்களை நடத்திய பின்னரே, 1931இல் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார்; 1936இல் ஹட்டனிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றார். எழுத்தறியாதோர் செவிகளுக்கு அவர் மனைவியார் மீனாட்சி அம்மையார் பாட்டாகவே செய்தியைக் கொண்டு சென்றார். கண்டறிதல், எழுதுதல், கேட்போர் நிலையறிந்து சொல்லுதல் – இன்று பல்கலைக்கழகங்கள் கற்பிக்கும் தொடர்பாடற் கல்வியின் சாரம் இதுதான். அவர்கள் துணிவினாற் கற்றதை எமது பிள்ளைகள் முறையாகக் கற்க வேண்டும் என்கிறோம்.

கற்பதற்கு இடமுண்டா? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் துறை உண்டு. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல், வணிகக் கற்கைகள் பீடம் உண்டு. கொழும்பிலே 2004இல் தொடங்கிய இதழியற் கல்லூரி மும்மொழியிலும் பயிற்சி அளித்து வந்துள்ளது. ஆனால் ஊவாவில்? 2005இல் பதுளையில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் தேயிலைத் தொழில்நுட்பத்தையும் ஏற்றுமதி விவசாயத்தையும் ஆங்கிலத்திற் கற்பிக்கிறது. நல்லதே. தேயிலையின் தரத்தை ஆராயும் கல்வி அம்மலையடியிலேயே கிடைக்கும்போது, தேயிலை பறிப்பவரின் வாழ்வை எழுதும் கல்விக்கு மட்டும் பிள்ளை வடக்குக்கும் கிழக்குக்கும் போக வேண்டுமா?

“படித்தால் வேலை கிடைக்குமா?” என்பது நியாயமான கேள்வி. பத்திரிகைக் காரியாலயங்களில் மட்டும் வேலை தேடினால் ஏமாற்றமே மிஞ்சும் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பிரதேச செயலகம், அனர்த்த முகாமைத்துவ நிலையம், வைத்தியசாலை, விவசாயத் திணைக்களம் ஆகிய ஒவ்வொன்றும் மக்களிடம் தமிழிற் பேச வேண்டியது சட்டப்படியான கடமை. அக்கடமையைச் செய்யப் பயிற்சி பெற்றவர் இல்லை என்று அரசு சொல்லுமானால், வேலை இருக்கிறது, ஆள் இல்லை என்பதே அதன் பொருள்.

“கையிலே தொலைபேசி உள்ள ஒவ்வொருவரும் இன்று நிருபர்தானே?” என்போரும் உளர். உளி வாங்கியவனெல்லாம் சிற்பியாவதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒருவர் விண்ணப்பித்தால், பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவறிவிக்க அதிகாரி கடமைப்பட்டவர். இதை அறிந்தவன் ஒரு தாளால் கோப்பைத் திறப்பான். அறியாதவன் நாள் முழுதும் ஏசிக் கொண்டிருப்பான். மேலும் 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொய்க் கூற்றைக் குற்றமாக்குகிறது. அச்சட்டத்தின் குறைகளை நாம் எதிர்க்கிறோம். ஆயினும் சரிபார்க்காது எழுதும் இளைஞனை எமது எதிர்ப்பு சிறையிலிருந்து காப்பாற்றாது. பயிற்சியே காப்பாற்றும்.

எம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறாவிடின் நேர்மையாகாது. அரசியற் பணியாளராகிய நாம் நிருபரைத் தேடியது, பெரும்பாலும் எமது கூட்டத்தின் படத்தைப் போடுவதற்கே. கேள்வி கேட்டவனை எதிரி என்றோம். கற்ற நிருபர் தோட்ட நிர்வாகத்தை மட்டுமல்ல, தொழிற்சங்கத்தையும் கட்சியையும் எம்மையும் கேள்வி கேட்பார். கேட்கட்டும். சந்தாப் பணத்துக்குக் கணக்குக் கேட்கும் தொழிலாளியைக் கண்டு அஞ்சுகிற தலைமை, தலைமை அன்று.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. யாழ்ப்பாண, கிழக்குப் பல்கலைக்கழகங்களில் ஒன்றுடன் ஊவா வெல்லஸ்ஸ கைகோத்து, வேலை செய்வோரும் கற்கத்தக்க தமிழ்மொழி டிப்ளோமா ஒன்றைப் பதுளையில் தொடங்குக. பதுளை, பசறை, பண்டாரவளை, அப்புத்தளைத் தமிழ்ப் பாடசாலைகளில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் பாடத்திற்குப் பயிற்றப்பட்ட ஆசிரியரை நியமிக்குக. இவ்விரண்டும் அரசின் கடன். மூன்றாவது எமது கடன்: வைத்தியரும் சட்டத்தரணிகளும் ஆசிரியரும் வணிகரும் கமக்காரர் சங்கங்களும் சேர்ந்து ஒரு நிதியமைத்து, ஆண்டுதோறும் தோட்டத்துப் பிள்ளைகள் சிலரையாவது இக்கல்விக்கு அனுப்ப வேண்டும். அவர்களுள் பெண் பிள்ளைகள் பாதிக்குக் குறையலாகாது; கொழுந்து பறிப்பவருள் மிகப் பெரும்பாலோர் பெண்கள் அல்லவா?

தாய்மாரே, தந்தைமாரே! உங்கள் பிள்ளை எழுதக் கற்க விரும்பினால் முகம் வாடாதீர்கள். அடுத்த மழைக்காலம் வரத்தான் போகிறது. அப்போது மலைக்கும் லயத்துக்கும் இடையே, நேரத்தோடு வந்து உங்கள் மொழியிற் பேசும் ஒரு குரல் வேண்டும். அக்குரல் உங்கள் வீட்டிலேயே பிறந்திருக்கக் கூடும்.