கருவறைக்குள் ஊறும் நஞ்சு

திருவிவிலியத்தில் பெயர் சொல்லப்படாத தாய் ஒருத்தி இருக்கின்றாள். நீதித்தலைவர்கள் நூல் அவளை மனோவாகின் மனைவி என்று மட்டுமே குறிக்கின்றது. பிள்ளைப் பேறற்றிருந்த அவளுக்குத் தோன்றிய ஆண்டவரின் தூதர், நீ கருத்தாங்குவாய் என்ற நற்செய்தியோடு ஒரு கட்டளையையும் உரைத்தார்: இனி நீ திராட்சை இரசமோ வேறு மதுவோ அருந்தலாகாது. இது நாசீர் நோன்பைச் சார்ந்த விலக்கு, மருத்துவ அறிவுரையன்று என மறைநூல் அறிந்தோர் கூறுவர். ஆகட்டும். ஆனால் நோன்பு ஏற்கவிருந்தவன் பிறக்கப்போகும் சிம்சோன். விலக்கு விதிக்கப்பட்டதோ அவன் தாய்க்கு. தாயின் நாவில் படுவது பிள்ளையின் உடலில் சேரும் என்னும் அறிவு அந்தப் பழைய ஏட்டில் இருந்தது. நம் பங்குகளில் இருக்கின்றதா?

1968-இல் பிரான்சு நாட்டின் நாந்த் நகரத்து மருத்துவர் லெமுவான், குடிப்பழக்கமுள்ள பெற்றோருக்குப் பிறந்த 127 குழந்தைகளை ஆராய்ந்து, அவர்களிடம் ஒரே சாயலான குறைகள் இருப்பதை எழுதினார். அவர் எழுத்தை அன்று பலர் கவனிக்கவில்லை. 1973-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர மருத்துவர்கள் அதே குறைகளைக் கண்டு, அவற்றை ஒரு நோய்த்தொகுப்பாக வகுத்துப் பெயரிட்டனர். சிறுத்த தலை, குறுகிய கண் திறப்பு, மெலிந்த மேலுதடு, மூக்குக்கும் உதட்டுக்கும் இடையே பள்ளம் மழுங்கிய முகம், வளராத உடல். இவை கண்ணுக்குத் தெரிபவை. கண்ணுக்குத் தெரியாதது மூளையின் காயம். கணக்கு ஏறாது, சொன்னது நில்லாது, சினம் அடங்காது. முகத்தில் எந்த அடையாளமும் இல்லாமல் மூளையில் மட்டும் காயமுற்ற பிள்ளைகளே மிகுதி. அவர்களை நாம் மக்கு என்றும் அடங்காப்பிடாரி என்றும் அழைத்துப் பிரம்பை எடுக்கின்றோம். இதற்கு மருந்து இல்லை. வாழ்நாள் முழுதும் தொடரும்.

இது நிகழும் விதம் திருப்பூர்ப் பக்கத்து மக்களுக்கு எளிதில் விளங்கும். நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் வயலுக்கு நீர் தேக்க ஓர் அணை கட்டினார்கள். சாயக்கழிவு வந்து தேங்கி, அது நஞ்சின் தேக்கமாயிற்று. தாய் அருந்தும் மது நஞ்சுக்கொடி வழியே தடையின்றிக் கருவுக்குச் செல்கின்றது. தாயின் இரத்தத்தில் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு சேயின் இரத்தத்திலும். அதை முறிக்கும் வலிமை சேயின் பிஞ்சு ஈரலுக்கு இல்லை. சேய் கழித்தது பனிக்குட நீரில் கலக்கும். அந்நீரையே சேய் மீண்டும் விழுங்கும். பாதுகாக்க வேண்டிய நீரே நஞ்சைத் தேக்கி வைத்து ஊட்டுகின்றது. இவ்வளவு வரை குடிக்கலாம் என்று எந்த மருத்துவராலும் அளவு சொல்ல இயலவில்லை. கருவுற்றதைத் தாய் அறியாத முதற்சில வாரங்களும் இதற்கு விலக்கல்ல.

"நம் பெண்கள் குடிப்பதில்லையே, இந்தப் பேச்சு எதற்கு?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படியும் (2019–21) தமிழகப் பெண்களில் குடிப்போர் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவே. ஆனால் கணக்கெடுக்க வந்தவரிடம் உண்மையைச் சொல்லும் துணிவு எத்தனை பெண்களுக்கு உண்டு? அதைவிட, நாம் மது என்றே எண்ணாத மதுவின் கதை வேறு. கிறிஸ்துமசுக்கு வீட்டில் ஊறவைத்த திராட்சை இரசத்தை, "இது ஒயின்தானே, உடம்புக்கு நல்லது, பிள்ளை சிவப்பாகப் பிறக்கும்" என்று மசக்கைக்காரியின் கையில் கொடுக்கும் மாமியார்கள் நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் இல்லையா? சளிக்கு ஒரு மூடி பிராந்தி கொடுப்பவர்கள் இல்லையா? பாட்டிலில் எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் கருவுக்கு அது ஒன்றே.

இனி, குடிக்காத தாயின் வயிற்றிலிருக்கும் பிள்ளையின் வழக்கு. இதுவே நம் ஊரின் பெருவழக்கு. சனிக்கிழமை பனியன் கம்பெனியில் வாங்கிய வாரக்கூலி வீடு வந்து சேருமுன் பாதியாகின்றது. அந்தப் பாதியில் போனது கருவுற்றவளின் முட்டையும் பாலும் கீரையும். மிச்சத்தைக் கேட்டால் அடி. அந்த அடி அவள் ஒருத்தியின் மேல் மட்டுமா விழுகின்றது? தந்தையின் குடியே கருவின் வளர்ச்சியைக் குலைக்கக்கூடும் என எலிகளைக் கொண்டு நடத்திய அண்மைக்கால ஆய்வுகள் கூறத் தொடங்கியுள்ளன. தென்னாப்பிரிக்கத் திராட்சைத் தோட்டங்களில் கூலியின் ஒரு பகுதியை ஒயினாகவே அளந்து கொடுத்தார்கள். சட்டம் தடுத்த பின்னும் அவ்வழக்கம் நெடுநாள் நீடித்தது. உலகில் இந்நோயோடு பிறக்கும் குழந்தைகள் மிகுந்த இடங்களில் ஒன்று இன்று அந்த நிலமே. இங்கே கூலியைப் பணமாகக் கொடுத்து, போகும் வழியில் கடையைத் திறந்து வைக்கின்றோம். வேறுபாடு பெரிதன்று.

சாமளாபுரத்துப் பெண்கள் இதைப் புத்தகம் படித்து அறியவில்லை. 2016 டிசம்பரில் உச்சநீதிமன்றம், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. 2017 ஏப்ரலில் தமிழகமெங்கும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. மூடிய கடைகளை அரசு குடியிருப்புகளுக்குள் நகர்த்த முற்பட்டது. சாமளாபுரத்திற்கும் ஒன்று வரவிருந்தது. ஏப்ரல் 11 அன்று பெண்கள் சாலையில் அமர்ந்தனர். தடியடி நடந்தது. கூடுதல் காவல் கண்காணிப்பாளர் ஒருவர் ஒரு பெண்ணின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். நாடே அதைத் தொலைக்காட்சியில் கண்டது. அறைந்தவர் பின்னர் பதவி உயர்வு பெற்றார்.

அந்தப் பெண்கள் கேட்டது தங்களுக்காக மட்டுமன்று. அரசு வேண்டாமென்று சொல்லுமா? 2024–25-இல் மதுவால் அரசுக்குக் கிடைத்த வருவாய் 48,344 கோடி ரூபாய். நாளொன்றுக்கு 130 கோடிக்கு மேல். முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பெயரால் கருவுற்ற ஏழைப் பெண்ணுக்கு 18,000 ரூபாய் உதவித் திட்டம் வகுத்ததும் இதே அரசுதான். நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் அவள் கணவனிடமிருந்து அரசு ஓராண்டில் எவ்வளவு வாங்கிக்கொள்கின்றது என்று யாரேனும் அந்த ஏட்டிலேயே பக்கத்தில் எழுதட்டும். மது வீட்டுக்கும் நாட்டுக்கும் உயிருக்கும் கேடு என்று பல ஆண்டுகள் பாட்டிலில் அச்சிட்டார்கள். அமெரிக்காவில் 1989 முதல் பாட்டில்மேல் கருவுற்ற பெண்களுக்கான எச்சரிக்கை இருக்கின்றது. பிரான்சில் 2007 முதல் கருவுற்ற பெண்ணின் படமே உண்டு. எழுத்தறியாதவளுக்கும் அது விளங்கும். நம் நாட்டு விதி வண்டி ஓட்டுவோரை எச்சரிக்கச் சொல்கின்றது. தாயாகப் போகிறவளைச் சொல்லவில்லை.

அரசைச் சாடுவது எளிது. நாம் யார்? கருக்கலைப்பு கொலை என்று முழங்குகின்றோம், சரிதான். 1995-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வாழ்வின் நற்செய்தி என்னும் சுற்றுமடலை எழுதியபோது பங்குதோறும் வாசித்தோம். அழிக்கப்படும் கருவுக்காகச் செபமாலை சொல்லும் நாம், அழியாமல் ஊனப்படுத்தப்படும் கருவுக்காக ஒரு மறையுரை கேட்டதுண்டா? சாமளாபுரத்துக்குச் சற்றுத் தொலைவில்தான் கருமத்தம்பட்டியில் செபமாலை அன்னை வீற்றிருக்கின்றாள். தேர்த்திருவிழாக்களில் மதுவாடையோடு வடம் பிடிக்கும் கைகளைக் கண்டும் காணாதிருப்பது நமக்குப் பழகிவிட்டது. திருமணத் தயாரிப்பு வகுப்பில் மன்றாட்டுகளும் விலக்குகளும் கற்பிக்கின்றோம். மணமகனும் மணமகளும் அருகருகே அமர்ந்திருக்கும் அந்த ஒரே நேரத்தில், செவிலியராகப் பணியாற்றும் அருள்சகோதரி ஒருவரை அரைமணி நேரம் பேசச் செய்ய எது தடை?

மனோவாகு ஒன்று செய்தான். மனைவி சொன்னதைக் கேட்டுவிட்டு வாளாவிருக்கவில்லை. பிறக்கப்போகும் பிள்ளைக்கு நாங்கள் செய்ய வேண்டியது என்ன என்று கற்பிக்க அத்தூதரை மறுபடி அனுப்பும்படி ஆண்டவரை மன்றாடினான். தூதர் திரும்பி வந்தார். மனைவியிடம் சொன்னதையே கணவனிடமும் சொன்னார். அடுத்த திருமண வகுப்பில் அந்தப் பகுதியை மணமகன்களே எழுந்து வாசிக்கட்டும்.