அயலும் உறுதியும்

திருடன் கொண்டுபோன பொருளை மறுபடியும் உழைத்துத் தேடிக்கொள்ளலாம். அவன் கொண்டுபோன நித்திரையைத் தேடிக்கொள்வதுதான் கடினம். கதவு உடைக்கப்பட்ட வீட்டில் அதன்பின் பல மாதங்களுக்கு நாய் குரைத்தாலும் நெஞ்சு திடுக்கிடும். பாடசாலை விட்டுப் பிள்ளை வரக் கால்மணி நேரம் தாமதித்தால், தாய் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடப்பாள். கடைசியில் ஒருநாள், "இந்த இடம் நமக்கு வேண்டாம்; வேறிடம் பார்ப்போம்" என்ற வார்த்தை பிறக்கும்.

மலையகத்தில் பல குடும்பங்களில் இவ்வார்த்தை பிறந்திருக்கிறது. லயத்தில் இருப்போர் ஹட்டன், டிக்கோயா, கொட்டகலை, தலவாக்கலை ஆகிய ஊர்களின் ஓரத்தில் ஒரு துண்டுக் காணி கிடைக்குமா என்று விசாரிக்கிறார்கள். நகரத்தில் இருப்போர் வத்தளைப் பக்கம், வெள்ளவத்தைப் பக்கம் என்று கொழும்பை நோக்குகிறார்கள். பயந்து வாழ்வதைவிடப் பெயர்ந்து வாழ்வது மேல் என்று எண்ணுவது இயற்கையே. ஆனால், பெயர்ந்துபோகும் இடம் பாதுகாப்பானதுதான் என்பதை எதைக் கொண்டு அறிவது?

இக்கேள்விக்கு விடை தேட நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. அச்சத்தினால் ஊரைவிட்டுப் புறப்பட்டு, நல்லதோர் அயலைத் தேடிச் சென்ற பெருங்கூட்டம் ஒன்று நம்மிடையிலேயே இருந்தது. திருட்டும் இனக்கலவரமும் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஒன்று இருளில் ஒளிந்து வருவது. மற்றொன்று பட்டப்பகலில் ஊரைக் கூட்டிக்கொண்டு வருவது. ஆயினும், இரண்டின் பின்னும் குடும்பத் தலைவன் கேட்கும் கேள்வி ஒன்றே: "இனி எங்கே போவது?" அக்கேள்வியைக் கேட்டவர்களின் கதையை நமது பிள்ளைகள் அறிந்திருத்தல் அவசியம்.

தோட்டத்து லயம் கோப்பிக் காலத்திலே தோன்றியது. பத்தடிக்குப் பன்னிரண்டடியாக ஒரு காம்பரா, முன்னே ஓர் இஸ்தோப்பு, பக்கத்துக் குடும்பத்துக்கும் நமக்கும் நடுவே ஒற்றைச் சுவர். கோப்பி போய்த் தேயிலை வந்தது, லயம் போகவில்லை. அதில் மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்தாலும், தரையின்மீது தொழிலாளிக்கு ஓர் உரித்தும் இல்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபின், நாட்டின்மீதும் அவனுக்கு உரித்து இல்லாமற்போயிற்று. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களினால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. முதலாளி மாறினார், காம்பரா மாத்திரம் மாறவில்லை.

இந்த நிலையிலேதான் 1977ஆம் ஆண்டு வந்தது. அவ்வாண்டு ஜூலையில் பொதுத் தேர்தல். ஆகஸ்டில் நாடெங்கும் வன்செயல். அதனை விசாரிப்பதற்கு முன்னாள் பிரதம நீதியரசர் சன்சோனி அவர்களின் தலைமையில் ஓர் ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. தோட்டங்களிலே லயங்கள் தாக்கப்பட்டன. சட்டிபானை முதற்கொண்டு கொள்ளை போயின. ஊருக்கு நடுவே தனித்துக் கிடந்த சிறு தோட்டங்களில் இருந்தோரின் பாடு பெரும்பாடாயிற்று. கூப்பிட்ட குரலுக்கு அடுத்த மலையிலிருந்து ஓடிவர அங்கே யாரும் இல்லை. ஆயிரக்கணக்கானோர் குழந்தை குட்டிகளுடன் வடக்கே வவுனியாவை நோக்கிப் புறப்பட்டனர்.

அங்கே அவர்களை ஏற்றுக்கொள்ள முன்வந்தது காந்தீயம் என்னும் அமைப்பு. கட்டடக் கலைஞரான எஸ். ஏ. டேவிட் அவர்களும் வைத்தியரான இராஜசுந்தரம் அவர்களும் சேர்ந்து நடத்திய நிறுவனம் அது. வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளிலே காட்டுக் காணிகளில் அகதிக் குடும்பங்களைக் குடியேற்றி, அவர்கள் பயிர் செய்து பிழைக்க வழிசெய்தது. கொழுந்து கொய்த கைகள் குளத்து நீர் பாய்ந்த மண்ணில் நெல்லும் மிளகாயும் நட்டன. குளிரிலே பழகிய உடம்பு வன்னி வெயிலைத் தாங்கப் பழகிற்று. மலையை விட்டு வந்தது நல்லதாய்ப் போயிற்று என்று அவர்கள் எண்ணியிருப்பார்கள். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரிப் பகுதித் தோட்டங்கள் மறுபடியும் தாக்கப்பட்டபோதும், 1983 ஜூலையில் கொழும்பிலே மூண்ட தீ ஓரிரு நாளில் நுவரெலியாவுக்கும் பதுளைக்கும் பரவியபோதும், இன்னும் பலர் அதே வழியைத் தேடினர்.

ஆனால் நடந்தது என்ன? 1983 ஏப்ரலில் டேவிட் அவர்களும் இராஜசுந்தரம் அவர்களும் கைது செய்யப்பட்டனர். அவ்வாண்டு ஜூலை 27ஆந் திகதி வெலிக்கடைச் சிறையில் நடந்த படுகொலையில் வைத்தியர் இராஜசுந்தரம் மாண்டார். டொலர் பாம், கென்ட் பாம் என்னும் பண்ணைகளில் குடியிருந்த மலையகக் குடும்பங்கள் 1984இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டன. அதே மண்ணில் அரசாங்கம் சிங்களச் சிறைக்கைதிகளையும் அவர்களது குடும்பத்தினரையும் கொண்டுவந்து குடியேற்றியது. அவ்வாண்டு நவம்பர் 30ஆந் திகதி தமிழீழ விடுதலைப் புலிகள் அப்பண்ணைகளைத் தாக்கியதில் அவர்களிற் பலர், பெண்களும் பிள்ளைகளும் உட்பட, உயிரிழந்தனர். ஒரே ஆண்டில் ஒரே நிலம் இரு சாராருக்கும் அடைக்கலமாகக் காட்டப்பட்டு, இரு சாராரையும் கைவிட்டது. அதைவிடக் கொடிய பாடம் வேறென்ன வேண்டும்?

கிளிநொச்சியில் பாரதிபுரம், மலையாளபுரம் முதலிய கிராமங்களில் மலையக வம்சாவளியினர் இன்றும் வாழ்கின்றனர். அவர்களின் பெற்றோர் சண்டையில்லா இடம் தேடி வந்தவர்கள். வந்த இடமே போர்க்களமாயிற்று. 2009இல் போர் முடிந்தபோது அவர்களிற் பலர் செட்டிகுளத்து முகாம்களில் முள்வேலிக்குள் இருந்தனர்.

வேறு சிலர் கடல் கடந்தனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேரை இந்தியா ஏற்பதென்று தீர்மானமாயிற்று. தயங்கி நின்றவர்களிற் பலரை 1977ஆம் 1983ஆம் ஆண்டுகளின் அச்சம் தலைமன்னார்க் கப்பலில் ஏற்றிவிட்டது. நீலகிரியிலே கூடலூரிலும் கோத்தகிரியிலும் தாயகம் திரும்பியோருக்கென்றே தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டங்கள் அமைத்தது. அங்கும் அவர்கள் குடியிருந்தது தோட்டத்துக் குடியிருப்பில். அங்கும் வேலை உள்ளவரைதான் வீடு.

இவர்கள் புறப்பட்டது தவறென்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. கூரை எரியும்போது எத்திசையில் ஓடுவதென்று ஆராய்ந்துகொண்டிருக்க இயலாது. ஆனால், அவர்கள் பட்ட பாட்டிலிருந்து நாம் தெரிந்துகொள்ளத்தக்கது ஒன்றுண்டு. தூரம் பாதுகாப்பைத் தருவதில்லை. ஓர் இடம் பாதுகாப்பான இடமாவதற்கு மூன்று வேண்டும்: காலடி மண்ணின்மீது சட்டப்படியான உரித்து, முகமறிந்த அயல், கூப்பிட்டால் வரும் சட்டம். அவர்களுக்கு இம்மூன்றில் ஒன்றும் போன இடத்தில் நிலைக்கவில்லை; புறப்பட்ட இடத்திலும் இருந்ததில்லை.

முதலாவது, உரித்து. பட்டணத்தில் வீடுள்ள ஒருவர், திருட்டுப் பயம் மிகுந்தால் வீட்டை விற்று அந்தப் பணத்தில் வேறிடத்தில் வாங்குவார். லயத்தில் இருப்பவர் எதை விற்பார்? அறுபது வருஷம் குடியிருந்த காம்பராவையும் வெறுங்கையோடுதான் விட்டுப்போக வேண்டும். ஆகையால், நல்ல அயலைத் தேடிக்கொள்ளும் சுதந்திரம் முதலில் இருக்குமிடத்தின் உறுதிப் பத்திரத்தில் அடங்கியிருக்கிறது. நம் நாட்டிலே அப்பத்திரத்துக்கு "உறுதி" என்று பெயர் வைத்தவர் யாரோ, பொருளறிந்தே வைத்திருக்கிறார். பிரஜாவுரிமைப் பிரச்சினை 1988ஆம் 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் தீர்ந்தது. 2015க்குப் பின் வந்த திட்டங்களில் குடும்பத்துக்கு 7 பேர்ச் காணியும் தனி வீடும் என்ற ஏற்பாடு தொடங்கிற்று; இந்திய உதவியிலும் தோட்டப் பகுதிகளில் வீடுகள் எழுந்தன. வீடு கிடைத்தவர்கள் திறப்பைப் பெற்றதோடு திருப்தியடையாமல், உறுதியும் தங்கள் பெயருக்கு எழுதப்பட்டதா என்று கேட்டு வாங்குவது கடமை. மனைவியின் பெயரும் அதிலே இருந்தால் வீடு இன்னும் உறுதியாகும்.

இரண்டாவது, அயல். 1983இல் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களைத் தங்கள் வீட்டு அறைகளில் மறைத்து வைத்துக் காப்பாற்றியவர்கள் சிங்கள அயலவர்கள். அன்று அவர்களைக் காத்தது மதிலன்று. அதற்கு முந்திய பல வருஷப் பழக்கமே. ஜேன் ஜேக்கப்ஸ் என்னும் மாது 1961இல் அமெரிக்க நகரங்களைப் பற்றி எழுதிய நூலில், தெருவின் பாதுகாப்பை முதலில் காப்பவர்கள் பொலிசார் அல்லர், தத்தம் வாசலில் இருந்து தெருவைக் கவனித்துக்கொண்டிருக்கும் சாதாரண மக்களே என்று எடுத்துக்காட்டினார். இஸ்தோப்பில் உட்கார்ந்து வெற்றிலை இடிக்கும் நமது பாட்டிமார் இந்த வேலையைத்தான் சம்பளமில்லாமற் செய்து வந்தார்கள். லயத்துக்குள் புதுமுகம் ஒன்று வந்தால், "யாரப்பா, யார் வீட்டுக்கு?" என்ற கேள்வி வராமல் இருக்காது. தனி வீட்டுக்குப் போய் உயர்ந்த மதில் கட்டிக்கொள்ளும்போது கள்வனுக்கு நாம் தெரிவதில்லை. உள்ளே புகுந்துவிட்ட கள்வன் அயலவருக்கும் தெரிவதில்லை. லயத்தின் நெருக்கடியை விட்டுப்போவது நல்லது. லயத்தின் விசாரிப்பையும் விட்டுப்போவது நஷ்டம்.

மூன்றாவது, சட்டம். திருட்டு நடந்த மறுநாள், "எழுதி என்ன பிரயோசனம்?" என்று பேசாதிருந்துவிடுவது நம்மவரிடையே வழக்கமாய் இருக்கிறது. எழுதாத திருட்டு நடக்காத திருட்டாகவே கணக்கில் நிற்கும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தின்பின் தமிழும் அரசகரும மொழி. பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டைத் தமிழிலே கொடுக்கலாம். விளங்காத மொழியில் எழுதிய தாளில் யாரும் கையொப்பம் வைக்கவேண்டியதில்லை. அவசரத்துக்கு 119, பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929 என்னும் தொலைபேசி எண்களை வீட்டுச் சுவரில் எழுதி வைப்பது நன்று. தோட்டப் பாதைகளில் விளக்கு இல்லாததற்கும் ஒரு காரணம் இருந்தது. தோட்டங்களுக்குள் செலவு செய்யப் பிரதேச சபைகளுக்குச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே, இனி நம் பாதைக்கு விளக்குக் கேட்பது பிச்சையன்று, உரிமை.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தபின்னும், போகத்தான் வேண்டும் என்று தீர்மானிக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் சில விஷயங்களைக் கவனித்தல் நலம். காணியைப் பகலில் ஒருமுறை பார்த்தால் போதாது. மாலை ஏழு மணிக்குப் பிள்ளைகளுடன் அப்பாதையில் நடந்து பார்க்கவேண்டும். பஸ் நிற்கும் இடத்திலிருந்து வீடுவரை ஒரு பெண் தனியாக வரக்கூடுமா என்பதே அந்த அயலின் உண்மையான விலை. தரகர் சொல்வதைக் கேட்குமுன் பக்கத்து வீட்டம்மாவைக் கேளுங்கள். காணிப் பதிவகத்தில் ஏடு தேடி, நம்பிக்கையான நொத்தாரிசு ஒருவரிடம் உறுதியைக் காட்டியபின்பே முற்பணம் கொடுங்கள். மலைச்சரிவானால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தாரின் கருத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. மனிதருக்குப் பயந்து போகிறவர்கள் மண்ணையும் பார்த்துப் போகவேண்டும். போனபின், முதல் வாரத்திலேயே இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் சென்று பெயர் சொல்லி அறிமுகமாகுங்கள். அவர்களின் மொழி சிங்களமானால், பிள்ளைகள் அதைக் கற்கட்டும். ஆபத்திலே உதவி கேட்கவும் உதவி செய்யவும் மொழி வேண்டும்.

போக வசதியில்லாதவர்களே நம்மிற் பெரும்பாலோர். அவர்கள் மனம் தளரவேண்டியதில்லை. பகலில் எல்லோரும் மலைக்குப் போய்விடும் நேரத்தில் லயத்தைப் பார்த்துக்கொள்ள முறைவைத்து இருவர் இருக்கலாம். பாடசாலைப் பிள்ளைகள் கூட்டமாகப் போய்க் கூட்டமாக வரலாம். கசிப்பும் போதைப்பொருளும் விற்கும் வீடு எது என்பது லயம் முழுவதற்கும் தெரியும். அதைத் தெரியாதது போல் இருப்பதே திருட்டுக்கு முதல் வாசல்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வகுப்பில் புதிதாக ஒரு பிள்ளை வந்து சேர்ந்தால், "எந்த ஊர்?" என்று கேட்பதோடு நில்லாதீர்கள். ஏன் வந்தார்கள் என்பது அப்பிள்ளைக்குச் சொல்லக் கூசும் கதையாக இருக்கலாம். பக்கத்தில் இடங்கொடுத்து, மாலையில் பாதிவழிவரை துணையாக நடந்து செல்லுங்கள். நல்ல அயலைத் தேடி வந்த அந்தக் குடும்பத்துக்கு, அந்த அயல் நீங்கள்தான்.