சுருதி அசையலாமா?

கண்டி நகரிலும் பேராதனை, கட்டுகஸ்தோட்டை முதலிய அயலூர்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களிடையே, வீணையோ வயலினோ இல்லாத வீட்டிலும் மின்விசைப்பலகை ஒன்று இருத்தல் இன்று புதுமையன்று. 'ஓர்கன்' என்றே அதனை நம்மவர் வழங்குகின்றனர். கடல்கடந்து வாழும் மாமனோ சித்தப்பாவோ அனுப்பிய பரிசாக அது வந்திருக்கும். அல்லது பெற்றோர் பல மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியிருப்பர். வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைக்கென வாய்ப்பாட்டுப் பயிலும் பிள்ளை, தான் கற்ற கீர்த்தனையை ஒரு நாள் அதில் வாசித்துப் பார்க்கிறது. சுரங்கள் யாவும் சரியாகவே விழுகின்றன. ஆயினும் இராகத்தைக் காணவில்லை. "இந்தக் கருவிக்குக் கமகம் வராது" என்று ஆசிரியர் சொல்லிவிடுகிறார். அன்றோடு கர்நாடக இசைக்கும் அக்கருவிக்கும் உள்ள தொடர்பு அற்றுப்போகிறது. பிறகு அது சினிமாப் பாட்டுக்கும் தானே ஒலிக்கும் தாளத்துக்குமே உரியதாகிவிடுகிறது.

ஆசிரியரின் தீர்ப்பு புதியதன்று. அகில இந்திய வானொலி 1940-ஆம் ஆண்டில் ஆர்மோனியத்தை ஒலிபரப்பிலிருந்து விலக்கியது. 1971 வரையில் அத்தடை தளரவில்லை. சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையே வழுக்கிச் செல்லவும் அசையவும் அக்கருவியால் இயலாது என்பதே அதன்மீது சாட்டப்பெற்ற தலையாய குற்றம். ஆர்மோனியத்தைப் பொறுத்தமட்டில் அக்குற்றத்துக்கு மறுமொழி இல்லை. உலோக நாக்கு ஒன்று ஒரு சுரத்தைத்தான் ஒலிக்கும். மின்விசைப்பலகைக்கோ மறுமொழி உண்டு. பெட்டியோடு வந்த கையேட்டின் பின்பக்கங்களில் அது கிடக்கிறது. அப்பக்கங்களை நம் வீடுகளில் எவரும் புரட்டுவதில்லை என்பதே என் மனக்குறை.

விசைப்பலகைகள் தம்முள்ளும் கணினியோடும் பேசுகின்ற மொழிக்கு 'மிடி' என்று பெயர். தமிழில் மிடி என்பது வறுமையைக் குறிக்கும். அதற்கும் இதற்கும் உறவில்லை. இது ஓர் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களால் ஆன சொல். அமெரிக்கரான டேவ் ஸ்மித், ஜப்பானியரான இக்குதாரோ ககேஹாஷி ஆகிய இருவரும் இதற்கு முன்னின்று உழைத்தவர்கள். 1983 ஜனவரியில் கலிபோர்னியாவில் நிகழ்ந்த கண்காட்சியொன்றில், போட்டி நிறுவனங்கள் இரண்டின் கருவிகள் ஒரு கம்பியால் இணைக்கப்பெற்று, ஒன்றை வாசிக்க மற்றொன்றும் ஒலித்தது. மூன்றே ஆண்டுகளில், 1986-இல், 'புன்னகை மன்னன்' திரைப்படத்தில் இளையராஜா கணினி வழி அமைத்த இசையைத் தமிழர் கேட்டனர்.

மிடிக் கம்பியின் வழியே ஒலி செல்வதில்லை. எந்த விசை, எத்துணை விசையோடு, எப்போது அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்னும் செய்திகள் எண்களாகச் செல்கின்றன. நடுஸ்தாயித் தொடக்கத்து வெள்ளைக் கட்டைக்கு எண் 60. செய்திகள் செல்வதற்கு 16 சனல்கள் உள. ஒலியின் அளவு, பெடலின் நிலை முதலியவற்றைக் கூறும் செய்திகளுக்குக் 'கட்டுப்படுத்திகள்' என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. 7 ஒலியளவு, 11 வாசிக்கும்போதே ஒலியைப் பெருக்கிச் சுருக்குவது, 64 நீட்டொலிப் பெடல்.

கமகத்துக்குரிய வாயில், பலகையின் இடப்புறத்திலுள்ள சிறு சக்கரம். மேலே தள்ளினால் சுரம் உயரும். கீழே இழுத்தால் தாழும். விட்டால் நடுவுக்கு மீளும். மிகச் சிறிய கருவிகளில் இச்சக்கரமே இராது. ஆதலின் வாங்குமுன் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது பெரும்பாலான கருவிகளில் இது மேலே இரண்டு, கீழே இரண்டு அரைச்சுரங்களுக்கே செல்லும். தோடியின் காந்தாரத்துக்கு இது போதும்: சுத்த ரிஷபத்துக்கும் சுத்த மத்திமத்துக்கும் இடையே அது அசைவது இந்த அளவுக்குள் அடங்கிவிடும். பஞ்சமத்திலிருந்து மேல் ஷட்ஜத்துக்கு ஏறும் ஜாருவுக்கோ ஐந்து அரைச்சுரங்கள் வேண்டும். அப்படியானால் ஒரு முழு ஸ்தாயிக்கே, அதாவது பன்னிரண்டுக்கே, திறந்துவிடலாமே என்று மாணவர் கேட்பர். மிடியின் விதி இச்சக்கரத்துக்கு 16,384 படிகளை அனுமதிக்கிறது. ஆனால் விலை குறைந்த கருவிகள் சில 128 படிகளையே அனுப்புகின்றன. ஓர் அரைச்சுரத்தை 100 சதங்களாகப் பகுத்தால், பன்னிரண்டுக்குத் திறந்த சக்கரம் படி ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 19 சதம் தாவும். வழுக்கிச் செல்லவேண்டிய இசை மாடிப்படி ஏறுவது காதுக்குத் தெரிந்துவிடும். ஐந்துக்கு அமைத்தால் தாவல் 8 சதம். பயிலும் பிள்ளைக்கு ஐந்தே தக்கது என்பது என் கருத்து. ஒலியைக் கணினியோ கைத்தொலைபேசியோ எழுப்புமாயின், இவ்வளவை அங்கேயும் அதே எண்ணுக்கு அமைத்தல் அவசியம்.

இங்கேதான் முக்கியமான சிக்கல் எழுகிறது. கமகத்துக்கு அடிநிலையாகச் சுருதி ஒலிக்க வேண்டுமல்லவா? பிள்ளை இடக்கையால் ஷட்ஜ பஞ்சமத்தை அழுத்திக்கொண்டு வலக்கையால் வாசித்து, இடையே சக்கரத்தைத் தொட்டதும், சுரத்தோடு சுருதியும் சேர்ந்து ஆடுகிறது! பாடகர் கமகம் பிடிக்கும்போதெல்லாம் தம்புராவின் பிருடையை ஒருவர் திருகினால் எப்படியிருக்கும்? காரணம் எளிது. சக்கரத்தின் செய்தி தனி விசைக்கு உரியதன்று. ஒரு சனல் முழுமைக்கும் உரியது. சுருதியும் சுரமும் ஒரே சனலிற் செல்லும்வரை இதற்கு விமோசனம் இல்லை.

வலயம் பிரித்தலே இதற்குப் பரிகாரம். நம் பாடசாலைகளைக் கல்வி வலயங்களாக வகுத்திருப்பதுபோல, விசைப்பலகையையும் வலயங்களாக வகுக்கலாம். கருவியின் திரையில் 'ஸோன்' என்று காணப்படுவது இதுவே. ஒவ்வொரு வலயத்துக்கும் முதல் விசை, கடைசி விசை, சனல், ஸ்தாயி ஏற்றத்தாழ்வு, எந்தக் கட்டுப்படுத்திகளுக்குச் செவிசாய்க்கும் என்னும் ஐந்தையும் தனித்தனியே விதிக்கலாம். 61 விசைகள் உள்ள பலகை இயல்பான நிலையில் 36 முதல் 96 வரையான எண்களை அனுப்பும். சுருதிக்கு ஒரு ஸ்தாயியே போதுமாதலால், 36 முதல் 47 வரையுள்ள 12 விசைகளைக் கீழ் வலயமாக்கிச் சனல் 2-க்கு அனுப்புக. ஒலி மிகத் தாழ்ந்து உறுமாதிருக்க அவ்வலயத்தை ஒரு ஸ்தாயி உயர்த்துக. எஞ்சிய 49 விசைகள் மேல் வலயம், சனல் 1. ஷட்ஜத்தை 60-இல் வைத்தால் மந்தர பஞ்சமத்துக்கும் தார ஸ்தாயிக்கும் இடம் உண்டு.

இனிக் கைகால்களின் கணக்கு. வலக்கை வாசிக்கிறது, இடக்கை சக்கரத்தில் இருக்கிறது, சுருதியைப் பிடிக்கக் கை ஏது? கால் பிடிக்கும். பெடலைக் கீழ் வலயத்துக்கு மட்டும் திறந்து, மேல் வலயத்துக்கு அடைத்துவிட வேண்டும். சக்கரத்தை மேல் வலயத்துக்கு மட்டும் திறந்து, கீழ் வலயத்துக்கு அடைத்துவிட வேண்டும். தொடங்குமுன் ஷட்ஜ பஞ்சமத்தை அழுத்திப் பெடலை மிதித்து, கையை எடுத்துவிட்டால், கால் இருக்கும்வரை சுருதி அசையாது நிற்கும். கீழ் வலயத்துக்குத் தேய்ந்து மறையாத ஒலியொன்றைத் தெரிவு செய்க; ஆர்மோனிய ஒலி பொருந்தும். பெடலை மிதித்துக்கொண்டே கருவியை முடுக்கலாகாது. பல கருவிகள் அந்த நிலையையே ஓய்வுநிலை எனக் கொண்டு, தலைகீழாக வேலைசெய்யத் தொடங்கும்.

ஐந்து கட்டைச் சுருதியிற் பாடும் பெண்பிள்ளைக்கு இரு வலயங்களையும் ஏழு அரைச்சுரங்கள் ஒருங்கே உயர்த்தலாம், அல்லது ஐந்து தாழ்த்தலாம். ஒன்றை மட்டும் மாற்றினால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. 'கட்டை' என்று சுருதியை நாம் எண்ணுவதே ஆர்மோனியத்தின் கட்டைகளைக் கொண்டுதான் என்பதைத் தடைவிதித்தோர் நினைத்துப் பார்த்தனரோ, அறியேன்.

மேல் வலயத்துக்கு எந்த ஒலி? 1991-இல் வகுக்கப்பெற்ற பொதுப்பட்டியலின் 128 ஒலிகளுள் சித்தாரும் செனாயும் இடம்பெற்றன. வீணையும் நாதஸ்வரமும் இல்லை. புல்லாங்குழல் ஒலியே நமக்கு நெருங்கியது. அந்தர காந்தாரம் வேறொரு குறை. விசைப்பலகையில் அது ஷட்ஜத்துக்கு 400 சதம் மேலே நிற்கிறது. தம்புராவின் நாதத்தினுள் தானே எழும் காந்தாரமோ ஏறக்குறைய 386-இல் நிற்கிறது. சுர அளவுகளைத் திருத்தும் வசதி சில கருவிகளில் உண்டு. இல்லாதவிடத்து, மாயாமாளவகௌளை வரிசைகளைப் பயிலும்போது காதைத் தம்புராவிடமே ஒப்படைத்தல் நன்று.

சென்னையைச் சேர்ந்த கே. சத்தியநாராயணன் இளம்பிராயம் முதலே விசைப்பலகையில் கர்நாடக இசைக் கச்சேரி செய்துவருபவர். சக்கரத்தின் துணையால் கமகம் எய்தலாம் என்பதற்கு அவரே சான்று. ஆனால் எந்தச் சுரம் எவ்வளவு, எத்துணை விரைவில் அசையவேண்டும் என்பதைக் கருவி கூறமாட்டாது. பாடி அறிந்த பிள்ளையின் கைக்கே அது வரும். ஆகவே வாய்ப்பாட்டு ஆசிரியரை விலக்கிவிட்டு இக்கருவியை வைத்துக்கொள்வதை நான் ஒப்பேன். விரல்தோறும் தனித்தனியே சுரத்தை வளைக்கும் முறையொன்றை மிடிச் சங்கத்தார் 2018-இல் ஏற்றுக்கொண்டனர். அதற்கெனச் செய்யப்பெற்ற பலகைகள் விலை மிகுந்தவை. வீட்டிலுள்ள கருவியை ஒழுங்காக அமைத்துக்கொள்வதே நம்மனோர்க்கு இயன்றது.

அமைத்தவற்றைப் பதிந்து வைத்தல் மறக்கலாகாதது. பதியாத அமைப்புகள் கருவியை அணைத்ததும் அழிந்துவிடும். திரையில் 'சேவ்' அல்லது 'ஸ்டோர்' என்றிருக்கும் கட்டளையைக் கொடுத்து, ஓர் எண்ணிட்ட இடத்தில் வைத்து, அவ்வெண்ணைக் கையேட்டின் முதற்பக்கத்திற் குறித்துக்கொள்க. சித்திரையிலும் ஐப்பசியிலும் கண்டி மலைகளில் மாலைதோறும் இடி முழங்கும் நாட்களில், மின்னிணைப்பைக் கழற்றுமுன் இதனைச் செய்துவிடுதல் வேண்டும்.