எண்ணெய் படியாத கைகள்

அண்மையில் தேற்றாத்தீவில் உறவினர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தேன். க.பொ.த. சாதாரணதரப் பரீட்சையை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் அவரது மகன், கணினியின் முன் அமர்ந்து ஒரு காரின் எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தான். போலந்து நாட்டின் ரெட் டொட் கேம்ஸ் நிறுவனம் உருவாக்கிய 'கார் மெக்கானிக் சிமுலேட்டர்' என்னும் விளையாட்டு அது.

"இனி மெக்கானிக் வேலையை வீட்டில இருந்தே படிக்கலாம் அண்ணன்" என்றார் தந்தை, பெருமிதத்தோடு.

"அப்படியென்டா றோட்டடியில இருக்கிற கராஜுக்கே அனுப்பலாமே?" என்றேன்.

அவர் முகம் கறுத்தது. "என்ன அண்ணன், எங்கட பிள்ளை கராஜில நிக்கிறதா?"

அந்தக் கேள்விதான் என்னை இதனை எழுத வைத்தது.

விளையாட்டின்மீது எனக்குக் கோபமில்லை. பாகங்களின் பெயரையும், எதனைக் கழற்றியபின் எதனைக் கழற்றுவது என்ற ஒழுங்கையும் அது கற்பிக்கின்றது. ஆனால், அங்கே ஒரு பாகத்தின் தேய்மானம் சதவீதமாகத் திரையில் தோன்றுகின்றது. சுட்டியை அழுத்தினால் மரையாணி சுழன்று வெளிவருகின்றது. புதிய பாகம் கேட்டவுடன் கைக்கு வருகின்றது.

கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக உப்புக்காற்றில் ஊறும் நமது எழுவான்கரையில் எந்த மரையாணி அவ்வளவு பணிவாகக் கழன்றிருக்கின்றது? மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, சூடுகாட்டி, அப்பொழுதும் தலை முறிந்தால் துளையிட்டு எடுக்க வேண்டும். பழுதினைச் சொல்ல இங்கே திரையில்லை. நீலப்புகை என்றால் ஒயில் எரிகின்றது. கரும்புகை என்றால் எரிபொருள் சரியாக எரியவில்லை. கண்ணும் காதுமே கருவிகள். விளையாட்டில் பிழைத்தால் மீண்டும் தொடங்கலாம். பிரேக்கைப் பிழையாகப் பூட்டிய வாகனம் கல்முனை வீதியில் ஏறினால், மீண்டும் தொடங்குவதற்கு உயிர் மிஞ்சாது.

போர்க்காலத்தில் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் தடுக்கப்பட்டிருந்தபோது, வடக்கில் மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்தவை இத்தகைய கைகளே. 2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளும் இந்நாட்டின் பழைய வான்களையும் முச்சக்கரவண்டிகளையும் உழவு இயந்திரங்களையும் சாகவிடாது காத்தவர்கள் யார்?

அவர்களுக்கு நாம் கொடுத்தது என்ன? எனக்குத் தெரிந்த ஒரு கராஜில், உதவியாளாக நின்ற பொடியனின் கண்ணில் இரும்புத்துகள் பாய்ந்தது. பாதுகாப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தவர் எவருமில்லை. நியமனக் கடிதம் இல்லாதபடியால், அவனைத் தன் ஊழியன் என்று ஒப்புக்கொள்ளவும் எவருமில்லை. தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934இலேயே வந்துவிட்டது. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இல் வந்தது. ஒரேயொருவரை வேலைக்கு வைத்திருப்பவரும் அவருக்காக 12 சதவீதம் செலுத்தியாக வேண்டும். இச்சட்டங்களில் எத்தனை நமது கராஜ்களின் வாசலைத் தாண்டி உள்ளே போயிருக்கின்றன?

கராஜ் தொழிலுக்கு எதிர்காலம் இல்லை என்பார்கள். எதிர்காலம் இல்லாதபடி வைத்திருப்பவர்கள் நாமல்லவா? தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. பாடசாலையில் படியாமல் அனுபவத்தால் கற்றவரும், முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையின்கீழ் மதிப்பீட்டுக்குத் தோற்றி அதனைப் பெறலாம். இருபது ஆண்டுகள் எஞ்சினோடு மல்லுக்கட்டிய மனிதருக்கு இவ்விடயத்தை எடுத்துச் சொல்லும் அதிகாரிகள் எத்தனை பேர்? பட்டதாரிகளின் வேலையில்லாப் போராட்டத்தைப் பக்கம் பக்கமாக எழுதிய பத்திரிகையாளர்களாகிய நாம், இதைப்பற்றி எத்தனை வரி எழுதினோம்? இக்குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

என் உறவினருக்கு ஒன்று சொல்வேன். தம்பி, உமது மகன் விளையாடட்டும். பெறுபேறு வரும்வரை ஒரு மாதம் அந்தக் கராஜிலும் நிற்கட்டும். ஆனால் கண்ணாடியும் கையுறையும் இன்றி நிற்கவேண்டாம். உமது பிள்ளைக்கு அவற்றைக் கேட்கும்போது, அங்கே ஏற்கெனவே நிற்கும் ஏழைவீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்துக் கேளும். எண்ணெய் படிந்த கைகளை இழிவென்று எண்ணும் ஊர், தன் வாகனம் நடுவீதியில் நின்றுவிட்டால் எந்தக் கைகளைத் தேடி ஓடும்?