உப்பிலிட்ட கிருமிகள்

திருப்பூணித்துறையின் பழைய வீடுகளில் மாங்காய்க் காலத்தில் பரணி நிறைய உப்புமாங்காய் போடுவார்கள். கர்க்கடக மழையில் எடுத்துக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளலாம். ஃபிரிட்ஜ் கிடையாது, கரண்ட் போனால் கவலையும் கிடையாது. நம் குடலில் குடியிருக்கும் அத்தனை கிருமிகளையும் ஒன்றாகக் கணக்கெடுக்கும் 'மைக்ரோபயோம்' ஆராய்ச்சிக்கும் இந்தப் பரணி புத்திதான் வேண்டியிருக்கிறது.

வேம்பநாட்டுக் காயலில் ஒரு தீவு. ஒருவருடைய மலத்தைச் சிறு குப்பியில் எடுத்துப் படகேற்றுகிறீர்கள். வெயில் 30 டிகிரியைத் தாண்டுகிறது. குப்பிக்குள் வாழ்க்கை நிற்பதில்லை. தோதான சூடும் தீனியும் கிடைத்தால் ஈ.கோலை இருபதே நிமிடத்தில் இரட்டிப்பாகும். காற்று ஆகாத கிருமிகள் செத்துச் சிதையும். ஆராய்ச்சிக்கூடம் போய்ச் சேரும்போது உங்கள் கையில் இருப்பது குடலின் கணக்கல்ல, படகுப் பயணத்தின் கணக்கு. இதற்குப் பாடப்புத்தகம் சொல்லும் வழி, மைனஸ் 80 டிகிரி உறைபெட்டி. அதைத் தீவுக்கு யார் தூக்கிப்போவது?

1941ல் வெங்கட்ராமன், ராமகிருஷ்ணன் என்ற இருவர் காலராக் கிருமிக்கு ஒரு வழி கண்டார்கள். இன்று வழக்கத்தில் இருக்கும் எளிய வடிவம் இது: ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் கல்லுப்பு, 5 கிராம் பெப்டோன், கொஞ்சம் காரத்தன்மை. அதில் கிருமி பெருகுவதில்லை, சாவதுமில்லை, வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். 'வி.ஆர். திரவம்' என்று மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

மைக்ரோபயோம்காரர்களுக்குத் தேவை இதற்கு நேர்மாறானது. எல்லாக் கிருமியும் ஒரே நொடியில் சாக வேண்டும்; டி.என்.ஏ. மட்டும் சிதையக் கூடாது. வெளிநாட்டிலிருந்து கொள்ளை விலைக்கு வரும் 'ஆர்.என்.ஏ.லேட்டர்' திரவத்தில் முக்கியச் சரக்கு அம்மோனியம் சல்பேட். கொச்சிக்கு அருகே ஏலூரில் ஃபாக்ட் ஆலை மூட்டை மூட்டையாகத் தயாரித்த அதே உரம்தான்! (உர மூட்டையை அப்படியே கரைத்துவிடாதீர்கள், சுத்திகரித்த சரக்கு வேண்டும்.)

சாராயம் இன்னும் மலிவு. அமெரிக்காவில் ராப் நைட் குழுவினர் 2016ல் வெளியிட்ட ஆய்வில், 95 சதவிகித எத்தனாலில் போட்ட மலம் எட்டு வாரம் வெளியே கிடந்தும் தேறியது. 70 சதவிகிதம் தேறவில்லை. ஆஸ்பத்திரியில் கை துடைக்கிற ஸ்பிரிட்டை ஊற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் கவனிக்க. ஆனால் 95க்குக் கலால் அனுமதி வாங்க அலைய வேண்டும். எளிதில் தீப்பற்றும் என்பதால் விமானத்தில் கெடுபிடி. எஃப்.டி.ஏ. அட்டைக்கு இந்தத் தொல்லை இல்லை: ரசாயனம் ஊறிய தாளில் தடவி, உலர்த்தி, உறையிலிட்டுத் தபாலில் போடலாம். எந்த முறையும் கணக்கைச் சற்றே சாய்க்கும். ஆகவே ஒரே ஆய்வில் பாதிக்குச் சாராயம், பாதிக்கு அட்டை என்று கலப்பது வம்பு.

இன்னொரு சங்கடம், செத்த கிருமியை வளர்க்க முடியாது. 1992ல் சென்னையில் புதுவகைக் காலரா தலைகாட்டியபோது, வழக்கமான ஓ1 சீரத்தில் அது ஒட்டவில்லை. உயிருள்ள கிருமி கையில் இருந்ததால்தான் அப்படிச் சோதிக்க முடிந்தது. பிறகு அதற்கு ஓ139 என்று பெயர் வைத்தார்கள். எனவே வயிற்றுப்போக்கு பரவும் தீவுக்குப் போகிறவர் பையில் இரண்டு குப்பி இருக்கட்டும். ஒன்றில் 95 சதவிகித எத்தனால், மற்றதில் 1941ன் உப்புத் தண்ணீர்.