அமெரிக்காவில் அத்தைக்கு நாற்காலி இல்லை

"பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறான், இனி ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிடலாம்" என்று நினைக்கும் குடும்பங்கள் மயிலாப்பூரிலும் உண்டு, மதுரையிலும் உண்டு. நமக்குக் குடும்பம் என்றால் அத்தை, மாமா, நாத்தனார், ஓரகத்தி எல்லோரும் சேர்த்தி. அமெரிக்கச் சட்டத்தின் குடும்பமோ நாலு பேர் உட்காரும் சாப்பாட்டு மேஜை. அத்தைக்கும் பாட்டிக்கும் அங்கே நாற்காலி கிடையாது.

கிரீன் கார்டு வேறு, பிரஜா உரிமை வேறு. (அந்த அட்டை 1964-ல் பச்சை நிறத்தை இழந்து, 2010-ல்தான் மறுபடி பச்சையாயிற்று. பெயர் மட்டும் மாறவே இல்லை!) கார்டு மட்டும் வைத்திருப்பவர் கணவன் அல்லது மனைவிக்கும், கலியாணமாகாத பிள்ளைகளுக்கும் மனுப் போடலாம். பெற்ற தாய்க்குப் போட முடியாது. அதற்குப் பிரஜையாக வேண்டும். கார்டு கிடைத்துப் பொதுவாக ஐந்து வருஷம் ஆக வேண்டும். 21 வயது நிரம்பிய பிரஜை மனுப் போட்டால் தாய் தகப்பனுக்கு வருஷாந்தரக் கணக்கு வரம்பு இல்லை, வரிசையும் இல்லை.

ஒரு மாமியார் கேட்கலாம்: "மாப்பிள்ளை பிரஜையாகிவிட்டாரே, எனக்கு மனுப் போட மாட்டாரா?" போட முடியாது, அம்மா. உங்கள் மகளே பிரஜையாகிப் போட வேண்டும். பராமரிப்புப் பத்திரத்துக்கு மாப்பிள்ளையின் சம்பளமும் கையெழுத்தும் தேவைப்படலாம். ஆனால் மனு மகள் பெயரில்தான். இது எனக்குச் சந்தோஷமான விஷயமாகவே படுகிறது.

இனி, கூடப் பிறந்தவர்கள் கதை. 1946-ம் வருஷச் சட்டப்படி இந்தியர்களுக்கு வருஷத்துக்கு 100 இடம் என்று இருந்தது. 1965 அக்டோபர் 3-ம் தேதி ஜனாதிபதி ஜான்சன் சுதந்திர தேவி சிலையடியில் கையெழுத்திட்ட சட்டம்தான் குடும்ப உறவுக்குக் கதவை அகலத் திறந்தது. ஆனால் கதவு திறந்தால் கூட்டமும் சேருமல்லவா? இன்று பிரஜைகளின் சகோதர சகோதரிகளுக்கு உலகம் முழுவதற்கும் சேர்த்து வருஷத்துக்குச் சுமார் 65,000 இடங்கள். இந்தியர்கள் பதினைந்து வருஷத்துக்கு மேல் காத்திருக்கிறார்கள்.

காத்திருப்பதுகூடப் பெரிதில்லை. கும்பகோணத்தில் இருக்கும் தங்கைக்கு அண்ணன் மனுப் போடும்போது அவள் பையனுக்கு எட்டு வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். முறை வரும்போது அவன் காலேஜ் முடித்திருப்பான். 21 தாண்டினால் அவன் சட்டப்படி 'குழந்தை' அல்ல. 2002-ம் வருஷச் சட்டம், மனு ஆபீஸில் பரிசீலனையில் கிடந்த நாட்களை மட்டும் வயதிலிருந்து கழித்துக்கொள்ள விடுகிறது. அதன்பின் வரிசையில் நின்ற வருஷங்களைக் கழிப்பதில்லை. தாய்க்கு விசா வரும், மகனுக்கு வராது. விமானம் ஏறுவதா, பிள்ளையோடு நிற்பதா என்று அவள் தீர்மானிக்க வேண்டும். மனுப் போடும் நாளிலேயே இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

பெண்ணுக்கு வரன் பார்ப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. கார்டு மட்டும் உள்ள தகப்பனார் கலியாணமாகாத மகளுக்கு மனுப் போட்டிருக்கிறார். நடுவில் நல்ல இடம் வருகிறது, முகூர்த்தம் வைக்கிறார்கள். தாலி ஏறியவுடன் அந்த மனு செல்லாமல் போய்விடுகிறது! தகப்பனார் முன்னதாகப் பிரஜையாகியிருந்தால் அதே மனு, கலியாணமான பிள்ளைகளின் வரிசைக்கு மாறும். அது நீண்ட வரிசைதான், ஆனாலும் உயிர் இருக்கும். எனவே பத்திரிகை அச்சுக்குப் போகுமுன் தகப்பனாரின் பிரஜா உரிமை எந்த மட்டில் இருக்கிறது என்று விசாரிப்பது நலம்.

கலியாணமாகி இரண்டு வருஷம் ஆகுமுன் கார்டு பெறும் மனைவிக்கு இரண்டு வருஷக் கார்டுதான் தருவார்கள். அது முடிய 90 நாள் இருக்கும்போது தம்பதிகள் சேர்ந்து மனுக் கொடுத்து நிபந்தனையை நீக்கிக்கொள்ள வேண்டும். இதை வைத்துக்கொண்டு, "நான் கையெழுத்துப் போட மாட்டேன், ஊருக்கு அனுப்பிவிடுவேன்" என்று மிரட்டும் கணவர்கள் உண்டு. பெண்ணைக் கொடுத்தவர்கள் கேளுங்கள்: கணவன் கொடுமை செய்தாலும், நல்லெண்ணத்தோடு செய்த கலியாணம் விவாகரத்தில் முடிந்தாலும், அவள் தனியாகவே மனுக் கொடுக்கலாம். கார்டே இன்னும் வரவில்லை, கணவன் கொடுமைக்காரன் என்றால், 1994-ம் வருஷச் சட்டப்படி தனக்காகத் தானே மனுப் போட அவளுக்கு வழி உண்டு. இதை மகளிடம் விமானம் ஏறுமுன் சொல்லி வையுங்கள்; கலியாணப் பதிவுச் சான்றின் நகல் ஒன்றையும் அவள் பெட்டியிலேயே வையுங்கள்.

பேரனைப் பார்க்க மட்டும் போகும் பாட்டிக்குக் கார்டு அவசியந்தானா? கார்டு வாங்கியபின் முன்அனுமதி இல்லாமல் ஒரு வருஷத்துக்கு மேல் ஊரில் தங்கினால், திரும்பிப் போகும்போது கார்டு செல்லாது என்று சொல்லக்கூடும். 65 வயதுக்காரர்களுக்கான அரசாங்க மருத்துவக் காப்பீடும் போன உடனே கிடைக்காது; அங்கே உழைத்துச் சம்பாதித்திராத பெற்றோர் ஐந்து வருஷம் தொடர்ந்து வசித்தபின்தான் பணம் கட்டி அதில் சேரலாம். பிரசவத்துக்குத் துணையாக ஐந்து மாதம் இருந்துவிட்டு வர நினைப்பவருக்குச் சுற்றுலா விசாவே போதும்.